மெழுகுக்குப் பங்கு

டெபோஸ்த்லானில் வேட்டுச் சத்தம் கேட்காத வாரம் குறைவு. விடியற்காலை ஐந்து மணிக்கு வாணம் மேலே போய் வெடிக்கும், தெரு நாயெல்லாம் குரைக்கும். முதல் வாரம் நாங்கள் பதறி எழுந்தோம். பிறகு சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதை வைத்தே இன்று எந்தத் தெருக்காரர்களுக்குத் திருவிழா என்று சொல்லப் பழகிவிட்டோம்.

மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில், மொரேலோஸ் மாநிலத்தில், செங்குத்துப் பாறை மலைகளுக்கு நடுவில் இருக்கிறது இந்தச் சிற்றூர். மலை உச்சியில் ஒரு சின்னப் பிரமிடு உண்டு. ஆனைக்கற்றாழையில் இருந்து எடுக்கும் புல்கே என்ற கள்ளின் கடவுளுக்குக் கட்டியது. அந்தக் கடவுளின் பெயர் டெபோஸ்தேகாட்ல். ஊர் வழக்கில் டெபோஸ்தேகோ. கீழே, ஊரின் நடுவில், 16ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவிகள் கட்டிய மடமும் மாதா கோயிலும். மலையில் ஒரு சாமி, கீழே ஒரு சாமி. ஊர் மக்கள் இரண்டையும் விடவில்லை.

நாங்கள் இருவரும் சமூகப் பணியாளர்கள். ஒரே வகுப்பில் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். ஓர் உதவித்தொகையில் ஜனவரி முதல் செப்டம்பர் முடிய மெக்சிகோவில் இருக்க வாய்த்தபோது, பாதி நாட்களுக்கு மேல் இந்த ஊரிலேயே வாடகை அறை எடுத்துத் தங்கினோம். காரணம் எங்கள் பாடத்திட்டம். ராபர்ட் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1926இல் இங்கே வந்து தங்கி, 1930இல் டெபோஸ்த்லானைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘சிறு மரபு, பெரு மரபு’ என்று இந்தியாவில் சமூகவியல் படிப்பவர்கள் எல்லாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சொற்கள் அவர் கொடுத்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு அவருடைய சகா மில்டன் சிங்கர் 1950களில் மெட்ராசுக்கு வந்தார். அவர் பார்த்த மெட்ராஸ் பெரும்பாலும் பிராமண அறிஞர்களும் பஜனைக் கூடங்களுமாக இருந்தது. நாங்கள் தேர்வு எழுதியது அந்த மெட்ராசைப் பற்றி. மூல ஊரையாவது நேரில் பார்ப்போம் என்று போனோம்.

ரெட்ஃபீல்டு பார்த்த டெபோஸ்த்லானில் சுமார் 4,000 பேர் இருந்தார்கள். கூடி வாழ்கிற, திருவிழாவால் பின்னப்பட்ட, அமைதியான ஊர் என்று எழுதினார். 1943இல் அதே ஊருக்கு ஆஸ்கர் லூயிஸ் போனார். 1951இல் வந்த அவர் புத்தகத்தில் அமைதி இல்லை. நிலமில்லாதவர்கள், சந்தேகம், பொறாமை, வீட்டுக்குள் அடி உதை, அரசியல் கொலை எல்லாம் இருந்தன. ஒரே ஊர், 17 ஆண்டு இடைவெளி, இரண்டு புத்தகம். எது உண்மை என்பது எங்கள் வகுப்பில் பத்து மதிப்பெண் கேள்வி. அப்போது நாங்கள் லூயிஸ் பக்கம். கூடி வாழும் கிராமம் என்று யாராவது சொன்னால் எந்தத் தெருவில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்.

ரெட்ஃபீல்டின் புத்தகத்திலேயே அந்தத் தெரு தெரியத்தான் செய்கிறது. ஊர்க்காரர்கள் தங்களையே இரண்டாகப் பிரித்துப் பேசியதை அவர் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் ‘கொர்ரெக்தோஸ்’, அதாவது சரியானவர்கள். சதுக்கத்தைச் சுற்றி வீடு, காலில் ஷூ, எழுத்து தெரியும். இன்னொரு பக்கம் ‘தோந்தோஸ்’, மடையர்கள். வெள்ளைப் பருத்திக் கால்சட்டை, தோல் செருப்பு, மேட்டுத் தெருக்கள். நடுவில் இருப்பவன் சரியானவன், ஓரத்தில் இருப்பவன் மடையன்! பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஊர் எட்டு பாரியோக்களாகப் பிரிந்திருக்கிறது. பாரியோ என்றால் தெருக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு சின்னக் கோயில், ஒரு புனிதர், ஒரு திருநாள். ஜனவரி 6 மூவரசர், ஜனவரி 20 செபஸ்தியார், மே 3 சிலுவைத் திருநாள், ஜூன் 29 பேதுரு, செப்டம்பர் 29 மிக்கேல் என்று ஆண்டு முழுக்க ஓடும். பாரியோக்காரர்களுக்குப் பட்டப்பெயரும் உண்டு. ஒரு பாரியோ தவளை, ஒன்று எறும்பு, ஒன்று பல்லி, ஒன்று கற்றாழைப் புழு. அடுத்த தெருக்காரர்களைப் பார்த்துக் கிண்டல் செய்யும்போது சொல்வார்கள், தங்களைப் பற்றிப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். ரெட்ஃபீல்டு எழுதி வைத்த பட்டப்பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருப்பதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் இருந்தது சிலுவைத் திருநாள் கொண்டாடும் பாரியோவில். ஏப்ரல் மாதம் ஒரு மாலை, கையில் பள்ளிக்கூட நோட்டோடு ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அந்த ஆண்டு மயோர்தோமோ. திருவிழாவை முன்னின்று நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். மெழுகு, பூ, வாணம், பேண்டு வாத்தியம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, இதற்கெல்லாம் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு. வீட்டுக்கார அம்மா கொடுத்தார், ரசீது வாங்கினார், பழைய ரசீதுகள் கிடந்த பிஸ்கட் டின்னில் போட்டார். பிறகு அந்த மனிதர் எங்கள் அறைப் பக்கம் திரும்பி, நீங்களும் இந்தத் தெருவில்தானே இருக்கிறீர்கள், உங்கள் பெயரில் எவ்வளவு எழுதட்டும் என்று கேட்டார்.

எங்களுக்கு உடனே பேச்சு வரவில்லை. அம்மா தவறாகப் புரிந்துகொண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகள், கட்டாயம் இல்லை என்று குறுக்கே வந்தார். விஷயம் பணம் இல்லை. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. எங்கள் தெருவில் மட்டும் வாங்க மாட்டார்கள். சலுகை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். வரி வாங்கினால் தேர் எங்கள் தெருவுக்குள் வர வேண்டும், கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வாய் இருக்க வேண்டும், கணக்குக் கேட்கும் உரிமை வந்துவிடும். எங்கள் அப்பாக்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டு நின்றிருக்கிறார்கள். பறையடிக்கும் கைகளைக் கேட்டு வருகிறவர்கள் அந்தக் கைகளில் இருந்த காசைத் தொடவில்லை. கடல் தாண்டி வந்த ஊரில், நான்கு மாதம் குடியிருந்ததற்கே ஒருவர் வந்து பங்கு கேட்கிறார். 200 பெசோ கொடுத்தோம். எங்கள் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இதை வைத்து மெக்சிகோவைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. இதே பங்கு வேறு ஊர்களில் சாட்டையாக மாறியிருக்கிறது. தெற்கே சியாபாஸ் மாநிலத்தின் சான் ஹுவான் சமுலாவில், பழைய திருவிழாக்களில் சேர மறுத்து சுவிசேஷ சபைகளுக்கு மாறிய ஆயிரக்கணக்கானவர்களை 1970கள் தொடங்கி ஊரைவிட்டே துரத்தினார்கள். கேட்பதில் சேர்த்துக்கொள்வதும் உண்டு, மிரட்டுவதும் உண்டு. டெபோஸ்த்லானில் நாங்கள் பார்த்தது முதல் வகை.

பிப்ரவரியில் கார்னிவல். சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்களில் பாரியோக்களின் ஆட்டக் குழுக்கள் பேண்டோடு சதுக்கத்துக்கு இறங்கும். ஆடுகிறவர்களுக்கு சினெலோ என்று பெயர். கணுக்கால் வரை கறுப்பு வெல்வெட் அங்கி, முதுகில் சித்திர வேலை செய்த துணி, தலையில் மணி கோத்த உயரமான தொப்பி, கையில் உறை. முகத்தில் கம்பி வலை முகமூடி. இளஞ்சிவப்புத் தோல், வெளிர்க் கண், மேல் நோக்கி வளைந்து நிற்கும் கூர்தாடி. வெள்ளைக்காரப் பண்ணையார் முகம்!

பக்கத்து ஊரான த்லயாகாபானில் இது தொடங்கியது என்று சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் நோன்புக்கு முன் பண்ணையார்கள் மாறுவேடம் போட்டு நடனம் ஆடுவார்களாம். உழைக்கிறவர்களுக்கு உள்ளே இடமில்லை. பழைய துணிகளைச் சுற்றிக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, விசிலடித்துக் குதித்துக்கொண்டு இளவட்டங்கள் தெருவில் இறங்கின. உள்ளே ஆடியவர்களின் வெள்ளைத் தோலையும் தாடியையும் போலி செய்தன. ஆட்டத்துக்குப் பெயரே ‘பிரின்கோ’, குதிப்பு. காலை மடக்கி, தோளை ஆட்டி, அரைக் குதியாகக் குதித்துக்கொண்டே முன்னே போக வேண்டும். பாட்டிகள் குதிக்கிறார்கள், இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள் குதிக்கிறார்கள், வேடம் போடாத எவரும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். நாங்கள் குதித்து, மறுநாள் படி இறங்க முடியாமல் கிடந்தோம்.

கையுறைக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பண்ணையார் முகமூடிக்குக் கீழே மாநிறக் கை தெரிந்தால் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கேலி செய்கிறவனுக்கு மறுநாள் அதே பண்ணையில் வேலை இருக்கிறதே. இன்று அந்த அங்கிக்கும் தொப்பிக்கும் பல ஆயிரம் பெசோ ஆகும். கந்தலில் தொடங்கியது வெல்வெட்டாகிவிட்டது. கடன் வாங்கித் தைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இது நல்லதா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஒருவருக்கு வீண் செலவாகத் தெரிந்தது. இன்னொருவருக்கு, நம் ஆட்கள் நல்ல சட்டை போட்டாலே கண் உறுத்துகிற நாட்டில் இருந்து வந்துவிட்டு இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று பட்டது. வாக்குவாதம் முடியவில்லை.

கேலியின் பின்னால் இருக்கும் நிலக் கணக்கை லூயிஸிடம் படிக்கலாம். டெபோஸ்த்லானின் மலை நிலம் ஊர்ப் பொது நிலம். காட்டைத் திருத்திச் சோளம் விதைத்து ஏழைகள் பிழைத்திருக்க முடியும். ஆனால் புரட்சிக்கு முன் ஊரை ஆண்ட பெரிய வீட்டுக்காரர்கள் அதைத் தடுத்து வைத்திருந்தார்கள். மலையில் விதைத்தால் யார் குறைந்த கூலிக்குக் கரும்புப் பண்ணைக்கு வருவார்கள்? 1910இல் புரட்சி வெடித்தபோது இந்த மொரேலோஸ்தான் எமிலியானோ சபாட்டாவின் மண். சண்டை நடந்த ஆண்டுகளில் ஊர் எரிந்தது, மக்கள் மலையில் ஒளிந்தார்கள். பெரிய வீட்டுக்காரர்களின் ஆட்சி அதோடு உடைந்தது.

லூயிஸ் பிறகு இந்தியாவுக்கும் வந்தார். 1950களில் டில்லிக்கு அருகே ஒரு ஜாட் கிராமத்தை ஆராய்ந்தார். புத்தகத்தில் அதற்கு ராம்பூர் என்று பெயர். அங்கே நிலம் முழுக்க ஜாட்டுகளுடையது. மற்ற சாதியினர் குடியிருக்கும் மனைகூட அவர்களுடையதுதான். டெபோஸ்த்லானையும் ராம்பூரையும் பக்கத்தில் வைத்து அவர் எழுதிய கட்டுரை உண்டு. டெபோஸ்த்லானில் ஏழையும் பணக்காரனும் சண்டை போட்டாலும் ஊர் என்ற ஒன்று இருந்தது, ராம்பூரை சாதி உள்ளேயே வெட்டிப் போட்டு, வெளியே பல கிராமங்களில் இருக்கும் சாதிக்காரர்களோடு இணைத்திருந்தது என்பது அவர் கண்ட வேறுபாடு. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு கண்டம் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் எழுதி வைத்தாரே, அதற்கு நன்றி.

ஊர் என்ற ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்பதை 1995இல் பார்க்கலாம். அந்த ஆண்டு ஒரு தனியார் நிறுவனம் ஊருக்குப் பக்கத்தில் 187 ஹெக்டேரில் 18 குழி கோல்ஃப் மைதானமும் பங்களாக்களும் கட்டத் திட்டம் போட்டது. பொது நிலம் என்று மக்கள் சொன்ன இடம், தேசியப் பூங்காவைத் தொட்ட இடம். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். வெயில் காலத்தில் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? நகரசபை அனுமதி கொடுத்தது தெரிந்ததும் ஆகஸ்டு 24 அன்று மணியடித்தது. ஜனங்கள் திரண்டு நகரசபைக் கட்டிடத்தைப் பிடித்தார்கள், மேயரை வெளியேற்றினார்கள், ஊருக்குள் வரும் சாலைகளை மறித்தார்கள். போலீஸ் இல்லாமல் ஊர் நடந்தது. செப்டம்பர் 24 அன்று, கட்சிகளை ஒதுக்கிவிட்டு, பாரியோக்கள் வழியாகத் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சொந்த சபை அமைத்தார்கள்.

தடுப்பில் ராக்காவல் இருந்ததைப் பற்றி வீட்டுக்கார அம்மா நிறையப் பேசுவார். எங்கள் கேள்வி ஒன்றுதான். இத்தனை பேரை யார் ஒழுங்கு செய்தது, யார் சமைத்தது, எந்தத் தெருவுக்கு எந்த இரவு என்று யார் முடிவு செய்தது? அவருக்குக் கேள்வியே புரியவில்லை. திருவிழாவுக்கு யார் செய்வார்களோ அவர்கள்தான் என்றார். நூறு பேருக்கு மோலே குழம்பு வைக்கத் தெரிந்த பெண்கள், யார் வீட்டில் பெரிய அண்டா இருக்கிறது என்று அறிந்தவர்கள், வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதி வாங்கிப் பழகியவர்கள். ஆபத்து என்றால் எந்தக் கோயில் மணியை எப்படி அடிக்க வேண்டும் என்பதுகூடப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1996 ஏப்ரல் 10, சபாட்டா கொல்லப்பட்ட நாள். அந்த நினைவு நிகழ்ச்சிக்காக அதிபர் செடியோ த்லல்திசாபானுக்கு வந்திருந்தார். அவரிடம் மனு கொடுக்க டெபோஸ்த்லான் மக்கள் வண்டிகளில் போனார்கள். வழியில் போலீஸ் மறித்து அடித்தது, சுட்டது. மார்க்கோஸ் ஒல்மேதோ என்ற அறுபது வயதைக் கடந்தவர் இறந்தார். சில நாட்களில் கோல்ஃப் திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் ஊரில் அவர் பெயரைச் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வது போலச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 7, 8 ஊருக்கே பொதுவான திருவிழா. எட்டாம் தேதி மாதாவின் பிறந்தநாள். அதே நாள் டெபோஸ்தேகோவுக்கும். மடத்தின் வாசல் வளைவு முழுக்கச் சோளம், அவரை என்று விதவிதமான விதைகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சித்திரம் செய்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு புதிதாக. அருகில் நின்று பார்த்தால் விதை, பத்தடி தள்ளிப் போனால் ஊரின் கதை. 2017 செப்டம்பர் 19 பூகம்பத்தில் இந்த மடம் மோசமாக அடிபட்டது. ஏழாம் தேதி இரவு விளக்கோடு மலை ஏறி மேலே படையல் வைக்கிறார்கள்.

எட்டாம் தேதி நாவாட்ல் மொழியில் ஒரு நாடகம் நடக்கும். டெபோஸ்தேகோ மன்னன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டான். குவெர்னவாகா, யாவ்தெபெக், ஒவாஸ்தெபெக், த்லயாகாபான் மன்னர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஏன் நம் சாமிகளைக் கைவிட்டாய் என்று கேட்கிறார்கள். அவன் பதில் சொல்லி அவர்களையும் இணங்க வைக்கிறான். துறவிகளுக்கு வசதியான முடிவுதான். ஆனாலும் ஸ்பானியர் அடக்கிய மொழியில், ஊர்க்காரர்களே ஆண்டுதோறும் நடிக்கிறார்கள். இன்று கூட்டத்தில் பாதிப் பேருக்கு நாவாட்ல் புரியாது, இருந்தும் நகர மாட்டார்கள். மதம் மாறியவனை நிறுத்தி ஏன் மாறினாய் என்று நாலு திசையில் இருந்தும் கேள்வி கேட்கும் காட்சியை நாங்கள் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்காவது பதில் சொல்லி முடிக்க மேடை கிடைத்தது.

அம்மாவுக்குப் பிடித்தது நாடகத்தைவிடப் பழைய கதை. வயதானவர்களை முறை வைத்துத் தின்னும் ஓர் அரக்கன் சோச்சிகால்கோவில் இருந்தான். டெபோஸ்தேகோவை எடுத்து வளர்த்த கிழவரின் முறை வந்தது. பையன் தானே போனான். அரக்கன் விழுங்கினான். வயிற்றுக்குள் இருந்து கண்ணாடிக் கல்லால் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான்.

இப்போதைய அரக்கன் சனி ஞாயிறுகளில் வருகிறான். டெபோஸ்த்லான் 2002இல் ‘மாயாஜால ஊர்’ என்ற அரசுச் சுற்றுலாப் பட்டியலில் சேர்ந்தது. வார இறுதியில் தலைநகரத்துக் கார்கள் தெருவை அடைத்துக்கொள்கின்றன. பிரதான சாலை முழுக்க பெரிய கோப்பைகளில் மிளகாய்த்தூள் பூசிய பீர் விற்கிறார்கள். கூடையில் இதகாதே கொண்டுவந்து விற்கும் மேட்டுத் தெருப் பெண்களுக்கு ஓரத்தில்தான் இடம். இதகாதே என்றால் முக்கோணமாகத் தட்டிச் சுடும் சோள ரொட்டி, அதற்காகவே மறுபடி போகலாம். நகரத்தில் இருந்து வந்து வீடு கட்டிக் குடியேறியவர்களை ‘டெபோஸ்தீசோ’ என்கிறார்கள். போலி என்ற சொல்லையும் ஊர்ப் பெயரையும் முடிச்சுப் போட்ட கேலி. கேலி செய்தாலும் நிலம் அவர்கள் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2012இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தபோது ஊர் 1995 போல ஒன்றாக நிற்கவில்லை. சாலை வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்தவர்களும் இருந்தார்கள். சாலை அகலமாகிவிட்டது.

அந்த வீடுகளைக் கட்டுகிறவர்கள் யார் என்று பார்க்க ஊரின் ஓரத்துக்குப் போனோம். கெரேரோ மாநிலத்தில் இருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், தகரக் கூரை, வீட்டில் நாவாட்ல்தான் பேச்சு. திருவிழா மேடையில் கைதட்டல் வாங்கும் அதே மொழி சந்தையில் அவர்கள் பேசினால் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஒரு கொத்தனார் பழக்கமானார். அவருடைய மகன் சினெலோ ஆட்டத்தை ஊர்ப் பிள்ளைகளைவிட நன்றாக ஆடுவான், கார்னிவலில் குழுவின் வாலில் சேர்ந்துகொள்வான். பதினொரு ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறார். ஊர்க் கோயில் சுவரைப் பூசியவர்களில் அவரும் ஒருவர். பாரியோவில் இருந்து பங்கு கேட்டு வந்திருக்கிறார்களா என்று கேட்டோம். எதற்குக் கேட்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. இல்லை, இந்தப் பக்கம் வர மாட்டார்கள், நாங்கள் வெளியூர்தானே என்றார்.

செப்டம்பர் 28 மாலை, மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள், பேய் உள்ளே வராமல் இருக்க வீட்டுக் கதவு, கடைக் கதவு, சோளக் கொல்லையின் நாலு மூலை எல்லா இடத்திலும் பெரிகோன் என்ற மஞ்சள் பூவில் சிலுவை கட்டுவார்கள். ஊரே சோம்பு வாசனை அடிக்கும். அம்மா எங்கள் அறைக் கதவிலும் ஒன்று கட்டினார். மறுநாள் கிளம்ப வேண்டும் என்பதால் கொத்தனாரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். மலையில் பறித்து வந்த பூ அவர் தகரக் கதவிலும் சிலுவையாகத் தொங்கியது. கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தார். காற்றில் விழுந்துவிடும், கயிறு நிற்காது என்றார்.